949-ஐயும் 941-ஐயும் பிரிக்கும் 12 பைட்

[திரை: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டெர்மினல்கள்]

ஒரே மாதிரி வன்பொருள், ஒரே கிகாபிட் சுவிட்ச். விண்டோஸ் சர்வர் இரண்டை எடுத்து நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஓட்டினால் பெரும்பாலும் நொடிக்கு 949 மெகாபிட் வரும். லினக்ஸ் சர்வர் இரண்டில் ஓட்டினால் 941. உடனே "விண்டோஸ்தான் வேகம்" என்று முடிவுகட்டிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள், கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

[திரை: ஒரு ஃப்ரேமின் படம்]

நாம் 1500 பைட் பாக்கெட் என்று சொல்வது கம்பியில் 1538 பைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஈதர்நெட் ஹெடர், அதாவது முகவரிகள் அடங்கிய தலைப்பகுதி, 14, பிழை சரிபார்க்க 4, முன்னால் போகும் ப்ரீயாம்பிள் 8, அடுத்த ஃப்ரேம் வரும்வரை விடும் இடைவெளி 12. அந்த 1500-க்குள்ளும் ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20 போய்விடும். கையில் மிஞ்சுவது 1460. அதை 1538-ஆல் வகுத்து 1000 மெகாபிட்டால் பெருக்குங்கள். 949!

சரி, லினக்ஸுக்கு 8 மெகாபிட் எங்கே போனது? அது வழக்கமாகவே ஒவ்வொரு டிசிபி பாக்கெட்டிலும் நேர முத்திரை, அதாவது டைம்ஸ்டாம்ப், ஒட்டி அனுப்பும். அதற்கு 12 பைட். மிச்சம் 1448, அதனால் 941. விண்டோஸ் தானாக இணைப்பைத் தொடங்கும்போது பொதுவாக அதை ஒட்டுவதில்லை. லினக்ஸில் டைம்ஸ்டாம்பை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் அங்கேயும் 949 வந்து நிற்கும். பார்த்த பிறகு திரும்பப் போட்டுவிடுங்கள். போய்வரும் நேரத்தைச் சரியாக அளக்க அது வேண்டும்.

[திரை: பிங் 100 மில்லிசெகண்ட்]

சர்வர்கள் தூரத்தில் இருந்தால்தான் இயங்குதளத்தின் குணம் வெளியே வரும். போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் தூரத்தில் கிகாபிட்டை நிரப்ப, 12.5 எம்பி டேட்டா எப்போதும் வழியில் இருக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி 14 என்ற இயங்குதளத்தில் அனுப்பும் பஃபரின், அதாவது அனுப்பிய டேட்டாவைப் பதில் வரும்வரை வைத்திருக்கும் நினைவக இடத்தின், உச்சவரம்பு, நாம் கைவைக்காதவரை, 2 எம்பிதான். அப்படியானால் 168 மெகாபிட்டைத் தாண்டவே முடியாது. லினக்ஸில் அந்த வரம்பு 4 எம்பி. இரண்டும் போதாது என்பது வேறு விஷயம்! இங்கே தோற்பது இயங்குதளம் இல்லை, யாரும் தொடாமல் விட்ட ஒரு எண். இரண்டிலும் பஃபரை ஏற்றிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

[திரை: ஐபெர்ஃப்3 வெளியீடு, ஒரு நெடுவரிசை வட்டமிடப்பட்டு]

பஃபரை ஏற்றியும் வேகம் ஏறவில்லையா? மறுமுறை அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது கூடிக்கொண்டே போனால் கோளாறு வழியில்தான். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அந்த நெடுவரிசை தெரியும். விண்டோஸில் ஓடும் ஐபெர்ஃப்3-இல் அது வராது, தேட வேண்டாம்.