சங்கரா மீன் செய்யலாம் வாங்க: 2 வயது முதல் 10 வயது வரை

(திரையில்: எவர்சில்வர் தட்டில் ஒரு முழுச் சங்கரா மீன். பக்கத்தில் பழைய செய்தித்தாள், பசைக் கிண்ணம், முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல்.)

வணக்கம். முழுப் பரீட்சை முடிந்தது, பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாத வெயில். இந்த வீடியோவில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி, சமையலாக இல்லை, கைவேலையாக மீன் செய்யப் போகிறோம். ஒரே மீன்தான். ஆனால் 2 வயதுக் குழந்தை செய்வது வேறு, 4 வயதுப் பிள்ளை செய்வது வேறு, பள்ளிக்குப் போகிற பிள்ளை செய்வது வேறு.

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளை ஒரு நிஜ மீனைப் பார்த்துவிட வேண்டும். அடுத்த முறை மீன் வாங்கும்போது ஒன்றை மட்டும் வெட்டாமல் முழுசாக வாங்கி வாருங்கள். மீன் வாங்காத வீடென்றால் தெரிந்தவர் வீட்டு மீன் தொட்டி போதும். ஒரு முட்டை வடிவம், பின்னால் ஒரு முக்கோணம், கண்ணுக்கு நீளமான இமை முடி என்றுதான் பிள்ளைகள் மீன் வரைகிறார்கள். பெரும்பாலான மீன்களுக்கு இமையே கிடையாது. தட்டில் இருக்கும் மீனைப் பார்த்த பிள்ளை அதைத் தானே சொல்லும்: "அம்மா, இது கண்ணே மூடலையே!"

(திரையில்: ஒரு சின்ன விரல் மீனின் முதுகைச் சுட்டுகிறது.)

சங்கராவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. சிவந்த நிறம், பெரிய கண், முதுகில் முள்முள்ளாக நிற்கும் துடுப்பு, பார்த்தவுடன் தெரியும் செதில். செவுளைத் திறந்து காட்டுங்கள். இங்கேதான் மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள். விலாவில் தலையிலிருந்து வால்வரை ஓடும் மெல்லிய கோட்டையும் காட்டுங்கள். அது பக்கக்கோடு. தண்ணீரின் அசைவை மீன் உணர்வது அதன் வழியாகத்தான். முதுகு முள் குத்தும் என்பதால் பிள்ளை தொடுவதற்கு முன் அதன் கூர்நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள். கெளுத்தி மட்டும் வேண்டாம். அதன் துடுப்பு முள் குத்தினால் கடுமையாக வலிக்கும், செதிலும் அதற்குக் கிடையாது.

கோடையில் சங்கரா சில நாள் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடியிருக்கும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக வைத்த தடைக்காலம் இது. நம் பிள்ளைகளின் விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. கடைக்காரர் "சங்கரா இல்லீங்க" என்று சொன்னால், ஏன் இல்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அதுவும் இந்தக் கைவேலையில் சேர்த்திதான்.

சரி, முதலில் பசை. கடைப் பசை தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் 3 மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். வெள்ளை நிறம் மங்கிக் கூழாகப் பளபளக்கும்போது இறக்கிவிடலாம். ஆறிய பிறகுதான் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். விரலை நக்கினாலும் பயமில்லை. ஆனால் இரண்டாம் நாள் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

(திரையில்: ‘2, 3 வயது’ என்ற எழுத்து. குழந்தை செய்தித்தாளைக் கிழிக்கிறது.)

இந்த வயதுக் குழந்தைக்குக் கிழிக்கத் தெரியும், ஒட்டத் தெரியும், விரலால் அமுக்கத் தெரியும். இந்த மூன்றை மட்டும் அதன் பங்காக விட்டுவிட்டு, மீன் வடிவத்தை அட்டையில் நீங்கள் வெட்டிக் கொடுங்கள்.

கிழிப்பது லேசான வேலை இல்லை. கவனித்துப் பாருங்கள்: இரண்டு கைகளும் தாளைப் பிடித்து ஒரே பக்கம் இழுக்கும், தாள் கிழியாது. பிறகு ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே போகும். பர்ரென்று சத்தம் வரும். குழந்தை உங்களை நிமிர்ந்து பார்க்கும். செய்தித்தாள் ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். நேராகப் போகும் பக்கத்தில் நீங்கள் நீளப் பட்டைகளாகக் கிழித்துக் கொடுத்தால், குழந்தை அதைத் துண்டு துண்டாக்கிக்கொள்ளும்.

அந்தத் துண்டுகள்தான் செதில். இதில் ஒரு நுணுக்கம். தலையிலிருந்து ஒட்டக் கூடாது, வாலிலிருந்து தொடங்க வேண்டும். கூரைக்கு ஓடு வேய்கிறவர் கீழ் வரிசையிலிருந்து மேலே போவதைப் போல, வால் பக்கம் முதல் வரிசை, அதன் மேல் பாதி ஏறியபடி அடுத்த வரிசை என்று தலையை நோக்கிப் போகணும். நிஜ மீனில் செதிலின் நுனி வாலைப் பார்த்துத்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தட்டில் உள்ள மீனைத் தடவிப் பாருங்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் சொரசொரக்கும். குழந்தை வரிசை தப்பி ஒட்டினால் ஒட்டட்டும், நீங்கள் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டாம்.

கண்ணுக்குப் பொத்தான், மணி, ஆடும் பிளாஸ்டிக் கண் எதுவும் 3 வயதுக்குக் கீழே கூடாது. சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் விழக்கூடிய எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது. கண்ணை ஸ்கெட்சால் வரைந்துவிடுங்கள்.

(திரையில்: ‘4, 5 வயது’. பேப்பர் பிளேட்.)

இப்போது கத்தரிக்கோல் வரலாம். 4 வயதில் நேர்கோட்டில் வெட்ட வரும், வளைவு இன்னும் கொஞ்சம் தள்ளித்தான். அதனால் நேர்கோட்டிலேயே முடிகிற மீன் ஒன்று. பேப்பர் பிளேட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இரண்டு கோடு போடுங்கள். பிள்ளை அதில் வெட்டினால் ஒரு முக்கோணம் தனியே வரும். அந்த இடைவெளி மீனின் வாய். வெட்டி எடுத்த முக்கோணத்தை எதிர்ப்பக்கம் திருப்பி ஒட்டினால் வால். ஒரு துண்டுகூட வீணாகாது. வாய் திறந்ததும் அதே துண்டு வாலாவதும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு, உடனே இன்னொரு பிளேட் கேட்பார்கள். சிவப்பும் வெள்ளையும் கலந்து சங்கரா நிறத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் தூண்டில் விளையாட்டு. சின்னச் சின்னக் காகித மீன்களின் வாயில் ஜெம் கிளிப் மாட்டி, ஒரு குச்சியில் நூல் கட்டி, நூல் முனையில் காந்தம். கேட்க எளிது. ஆனால் காந்தத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பொம்மைகளிலிருந்து கழன்று வரும் பட்டன் அளவுக் காந்தங்கள் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடல் சுவரைத் துளைத்துவிடும். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் பெரிய வட்டக் காந்தத்தைக் கட்டுங்கள், விழுங்க முடியாது.

(திரையில்: ‘6, 7 வயது’. கல்யாணப் பத்திரிகை அட்டையும் தென்னை ஓலையும்.)

வீட்டில் சேர்ந்திருக்கும் பத்திரிகை அட்டையில் மீனை வரைந்து வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். மடிப்பிலிருந்து விளிம்பு வரை போகாமல், விரல் அகல இடைவெளியில் கீறல்கள் வெட்ட வேண்டும். விரித்தால் பாவு, அதாவது ஓலையை ஊடே விட்டுப் பின்னுவதற்கான பட்டைகள், தயார். ஊடே விடுவதற்குத் தென்னை ஓலை. ஈர்க்கை உரித்துவிட்டு ஓலையை ஒல்லியாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பச்சையாகவே பின்னினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும், ஒரு நாள் வாடவிட்டுப் பின்னுங்கள். முதல் பட்டை மேல், கீழ், மேல் என்று போனால், அடுத்தது கீழ், மேல், கீழ். இதை மறந்தால் இரண்டு பட்டையும் ஒன்றாக நகர்ந்துவிடும். ஏன் நகர்கிறது என்று பிள்ளையே பார்த்துப் பிரிக்கட்டும்.

(திரையில்: ‘8 முதல் 10 வயது’. வண்ணம் பூசிய மீன் மேல் மெல்லிய தாள் படிகிறது.)

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மீன் அச்சு. ஜப்பானில் இதை க்யோதாகு என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில், மீன் பிடிப்பவர்கள் தாங்கள் பிடித்த மீனின் அளவைப் பதிந்து வைக்க அங்கே தொடங்கிய பழக்கம். முழு மீன் ஒன்றைச் செலவழிக்க மனம் வராவிட்டால், மீன் வெட்டுகிறவரிடம் வாலை மட்டும் கேட்டு வாங்கினாலும் நல்ல அச்சு வரும்.

மீனைக் கல்லுப்புப் போட்டு வழுவழுப்பு போகக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றுங்கள். துடுப்பை விரித்து அடியில் களிமண் உருண்டை வையுங்கள், விரிந்தபடி நிற்கும். தண்ணீரில் கரையும் வண்ணத்தை மெல்லியதாக, செதிலின் விளிம்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசணும். கெட்டியாகப் பூசினால் அச்சில் ஒரு சிவப்புத் திட்டுதான் மிஞ்சும். கண்ணில் பூச வேண்டாம். பட்டம் விடும் மெல்லிய தாளை மேலே போட்டு, நகர்த்தாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல் நுனியால் அமுக்கி வந்து, ஒரு பக்கத்திலிருந்து உரியுங்கள். செதில் வரிசை, பக்கக்கோடு, துடுப்பின் ஒவ்வொரு முள் எல்லாம் தாளில் இருக்கும். கண்ணைப் பிறகு தூரிகையால் வரைவதுதான் அங்கேயும் வழக்கம். வண்ணம் பூசிய மீனைச் சமைக்கக் கூடாது. உதிர்ந்த செதில் ஒன்றை எடுத்து பூதக்கண்ணாடியில் காட்டுங்கள், வளையம் வளையமாக நுண்கோடுகள் தெரியும்.

(திரையில்: மொட்டை மாடியில் காற்றில் ஆடும் காகிதக் கெண்டைகள்.)

வீட்டில் வெவ்வேறு வயதில் பிள்ளைகள் இருந்தால் எல்லாரும் சேர்ந்து ஒன்று செய்யலாம். ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினம். அதையொட்டி வீடுகளில் கொய்னொபொரி என்ற கெண்டை மீன் கொடிகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் சின்னக் குழந்தை கட்டைவிரலால் வண்ணம் ஒற்றிச் செதில் வைக்கட்டும், இங்கேயும் வாலிலிருந்துதான். நடுப்பிள்ளை கண்ணும் துடுப்பும் வெட்டி ஒட்டட்டும். பெரிய பிள்ளை தாளை உருளையாகச் சுருட்டி, வாய்ப்பக்கம் உள்ளே அட்டைப் பட்டை ஒட்டி வட்டமாக நிறுத்தட்டும். வாயில் சம தூரத்தில் மூன்று துளை, மூன்று நூல், மூன்றையும் ஒரே முடிச்சாகச் சேர்க்கணும். வால் பக்கத்தை ஒட்டி மூடிவிடாதீர்கள். வாய் வழியே புகும் காற்று வால் வழியே வெளியேறினால்தான் மீன் நீந்தும். மாடியில் கட்டுவது பெரியவர்கள் வேலை, மின்கம்பி இல்லாத பக்கமாகப் பார்த்துக் கட்டுங்கள். கரையோர ஊர்களில் பிற்பகலில் கடல்காற்று வந்துவிடும், அந்த நேரத்தில் ஏற்றினால் உடனே உப்பிக்கொள்ளும்.