மாங்கோ தெருவும் ஊதா நிற வீடும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிய மொழியில் 'இஹோஸ்' என்றொரு சொல் உண்டு. அதற்கு மகன்கள் என்றும் பொருள் கொள்ளலாம், பிள்ளைகள் என்றும் பொருள் கொள்ளலாம். "பிறந்தது பிள்ளையா, பெண்ணா?" என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் குழப்பம் புதிதன்று. மெக்சிகோவிலிருந்து சிகாகோவுக்கு வந்து, சோபாக்களுக்குப் பஞ்சு வைத்து உறை தைத்துப் பிழைத்த அல்ஃப்ரெதோ சிஸ்னெரோஸ், அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து, தமக்கு ஏழு மகன்கள் என்று கடைக்காரர் முதல் சமையற்காரர் வரை எல்லோரிடமும் சொல்வாராம். பக்கத்தில் நிற்கும் மகள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "ஏழு இல்லை அப்பா, ஆறு மகன்கள், ஒரு மகள்" என்று முணுமுணுப்பாள். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் பிறந்த அந்த மகள்தான் கவிஞரும் புனைகதை எழுத்தாளருமான சாண்ட்ரா சிஸ்னெரோஸ்.

தந்தைக்கு ஊர் ஏக்கம் வரும்போதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு மெக்சிகோ நகரத்துக்குப் போகும். திரும்பி வரும்போது சிகாகோவில் வேறொரு வாடகை வீடு, வேறொரு பள்ளிக்கூடம். சொந்த வீடு என்று ஒன்று, ஹம்போல்ட் பார்க் பகுதியில், 1966இல்தான் வாய்த்தது. மகள் கல்லூரிக்குப் போவதைத் தந்தை தடுக்கவில்லை. அங்கே நல்ல மாப்பிள்ளை கிடைப்பான் என்பது அவர் கணக்கு.

லொயோலா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், அமெரிக்காவின் புகழ்பெற்ற ஐயோவா எழுத்துப் பட்டறையில் சாண்ட்ரா கவிதை பயிலச் சேர்ந்தார். அங்கே ஒரு வகுப்பில், பிரெஞ்சுச் சிந்தனையாளர் காஸ்தோன் பாஷ்லார் வீட்டைப் பற்றி எழுதிய நூலை முன்வைத்து விவாதம் நடந்தது. மாடி அறை, நிலவறை, மச்சு, அவற்றில் தங்கிய பால்ய நினைவுகள் என்று சக மாணவர்கள் பேசிக்கொண்டே போக, அப்படியொரு வீடே தமக்கு இருந்ததில்லை என்று அவர் குன்றிப்போனார். அந்தக் குறுகலே சற்று நேரத்தில் கோபமாக மாறியது என்றும், வகுப்பிலிருந்த மற்றவர்களால் எழுத முடியாதது எதுவோ அதையே தாம் எழுதுவதென்று அப்போது முடிவு செய்ததாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த முடிவில் பிறந்ததுதான் 1984இல் ஹூஸ்டனின் ஆர்தே பூப்ளிகோ பதிப்பகம் வெளியிட்ட 'மாங்கோ தெருவில் ஒரு வீடு' என்ற நாவல். நாற்பத்து நான்கு சிறு சிறு அத்தியாயங்கள்; சில ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டாதவை. கவிதை பயின்றவர் எழுதிய உரைநடை என்பது வரிக்கு வரி தெரியும். கதை சொல்பவள் எஸ்பெரான்சா என்ற சிறுமி. தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது: சாயம் உரிந்த மூன்றாம் மாடிக் குடியிருப்பு; பிள்ளைகள் விழுந்துவிடாமலிருக்க அப்பா ஜன்னலில் அடித்துவைத்த மரச்சட்டங்கள். தெருவழியே போகும் பள்ளிக் கன்னியாஸ்திரீ, "நீ அங்கேயா இருக்கிறாய்?" என்று கேட்கிறார். 'அங்கே' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் சிறுமி ஒன்றுமில்லாதவளாகிப் போகிறாள். வறுமையைப் பக்கம் பக்கமாக வருணிக்கும் நாவல்கள் பல படித்திருக்கிறேன். அவை செய்யாததை இந்த ஒரு கேள்வி செய்துவிடுகிறது.

கவிதைத் தொகுப்புகளில் அவர் குரல் வேறு: துடுக்கும் காமமும் சிரிப்பும் கலந்தது, ஸ்பானியச் சொற்கள் அனுமதி கேட்காமல் ஆங்கில வரிக்குள் நுழைவது. 1994இல் வந்த 'கட்டறுந்த பெண்' அதற்கு நல்ல சான்று.

அவருடைய எழுத்துக்கு வீட்டில் என்ன மதிப்பு என்று கேட்கத் தோன்றும். தந்தை ஆங்கிலத்தில் எதுவும் படித்ததில்லை. அவர் படித்ததெல்லாம் ஸ்பானிய இதழ்களும் படக்கதைப் புத்தகங்களும்தாம். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், பக்கவாதத்திலிருந்து தேறிக் கட்டிலில் படுத்தபடி பழைய மெக்சிகோ படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த அவரிடம், ஸ்பானியத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்த தம் கதையொன்றைச் சாண்ட்ரா நீட்டினார். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். இது யார், அது எந்த இடம் என்று இடையிடையே கேட்டார். முடித்துவிட்டு, உறவினர்களுக்குக் கொடுக்க இன்னும் பிரதிகள் எங்கே கிடைக்கும் என்றார்.

1995இல், படைப்பாளிகளுக்கும் அறிஞர்களுக்கும் அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்ஆர்தர் நிதிநல்கை அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்தோனியோவில், தம் சமையலறை மேசையைச் சுற்றி எழுத்தாளர்களை உட்காரவைத்து 'மக்கோந்தோ' பட்டறையைத் தொடங்கினார். அந்த ஊரில் அவர் வாங்கிய வீடு, நகரின் பழைமை காக்கப்படும் பகுதியில் இருந்தது. 1997இல் அதற்குப் பளிச்சென்ற ஊதாச் சாயம் பூசினார். இந்த நிறம் இப்பகுதியின் வரலாற்றுக்கு ஒவ்வாது என்று நகர ஆணையம் ஆட்சேபித்தது. யாருடைய வரலாறு என்று கேட்டார் சாண்ட்ரா. மெக்சிகோ வழிவந்த எளியவர்களின் வீடுகள் என்ன நிறத்தில் இருந்தன என்பதை எவரும் பதிந்துவைக்கவில்லையே என்று வாதாடினார். வழக்காடல் நீண்டுகொண்டிருக்க, டெக்சஸ் வெயில் ஊதாவை வெளுக்கச் செய்தது. வெளுத்த அந்த நிறத்தை ஆணையம் ஏற்றுக்கொண்டது.

நன்றி, வணக்கம்.