ஊருக்குப் பெயர் வைப்பது வெளியில் இருப்பவர்களே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு பகுதிக்கு "அது ஒரு மாதிரியான இடம்" என்ற பெயர் வரக் காரணம் அங்கே வாழ்பவர்களா, அதைப் பற்றிக் கதை சொல்பவர்களா என்பதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டு, உதாரணத்துக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவை எடுத்தார். நல்லது, நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"ஃபுளோரிடா மேன்" என்று தொடங்கும் செய்தித் தலைப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உணவகத்தின் ஜன்னல் வழியாக முதலையை உள்ளே வீசியவர், அதைவிட வினோதமான காரணத்துக்குக் கைதானவர் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று வரும். 2013-இல் இதற்கென்றே ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. சரி, அந்தச் செய்திகள் எப்படிக் கிடைக்கின்றன என்று எதிரணியில் யாராவது கேட்டார்களா? ஃபுளோரிடாவில் அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்ற சட்டம் 1909-இலேயே வந்துவிட்டது, 1992-இல் வாக்காளர்கள் அதை மாநில அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். அதனால் நேற்று இரவு கைதானவரின் போலீஸ் அறிக்கையும் புகைப்படமும் இன்று காலை நிருபரின் மேஜைக்கு வந்துவிடும், மற்ற பல இடங்களில் அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே வாழ்பவர்களோ 2 கோடிக்கும் மேல், மக்கள்தொகையில் நாட்டின் மூன்றாவது பெரிய மாநிலம். இத்தனை பேர் இருக்கும் எந்த இடத்திலும் தினமும் ஒருவராவது ஏடாகூடமாக ஏதாவது செய்யத்தான் செய்வார். மற்ற இடங்களில் அது கோப்புக்குள் கிடக்கிறது, இங்கே தலைப்புச் செய்தியாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒளிவுமறைவில்லாமல் நடந்துகொண்ட மாநிலத்துக்குக் கிடைத்த பரிசு "பைத்தியக்கார மாநிலம்" என்ற பட்டம்!

இதில் எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தலைப்புகளில் சிக்குகிறவர்களில் பலர் போதைக்கு அடிமையானவர்கள், மனநோயோடு போராடுகிறவர்கள், வீடில்லாதவர்கள். ஒரு மனிதனின் மிக மோசமான இரவை எடுத்து, அவன் மாநிலத்தின் பெயரை முன்னால் ஒட்டி, உலகமே சிரிக்கப் பரப்பியவர்கள் ஊர்க்காரர்களா?

அடுத்து பேசிய சகோதரி, அட்லாண்டிக் கடலில் கப்பல்களும் விமானங்களும் மாயமாக மறைவதாகச் சொல்லப்படும் பெர்முடா முக்கோணத்தைக் கொண்டுவந்தார். அங்கே வாழ்பவர்களே இல்லை, வெறும் கடல், அதற்கும் கெட்ட பெயர் இருக்கிறதென்றால் இடத்தில்தானே ஏதோ கோளாறு என்றார். 1945 டிசம்பர் 5 அன்று 14 பேரோடு 5 அமெரிக்கப் போர் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பித் திரும்பவில்லை, அது உண்மை, துயரமான உண்மை. தலைமை விமானி தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்தார், இருட்டியது, வானிலை கெட்டது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கடலுக்கு "பெர்முடா முக்கோணம்" என்ற பெயர் எப்போது வந்தது? 1964-இல், வின்சென்ட் காடிஸ் என்பவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில். நடந்து 19 வருடம் கழித்து! அப்புறம் லாரன்ஸ் குஷே என்ற நூலகர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி ஒவ்வொரு சம்பவமாகச் சரிபார்த்தார். அமைதியான கடலில் மாயம் என்று சொல்லப்பட்ட சில நாட்களில் புயல் அடித்திருக்கிறது, அங்கே நடந்ததாக எழுதப்பட்ட ஒரு கப்பலின் கதையோ உண்மையில் பசிபிக் கடலில் நடந்தது. சமுத்திரத்தையே மாற்றிப் போட்டு எழுதியிருக்கிறார்கள், சகோதரி அதைக் கடலின் குற்றம் என்கிறார்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருக்கும் ரகசிய விமானத் தளமான ஏரியா 51-ஐயும் இழுத்தார்கள். 1955 முதல் அங்கே யு-2 உளவு விமானத்தைச் சோதித்தார்கள், அது 60,000 அடிக்கு மேலே பறந்தது, அந்த உயரத்தில் விமானம் பறக்கும் என்று அன்றைக்குப் பொதுமக்கள் எதிர்பார்க்கவில்லை. கீழிருந்து பார்த்தவர்கள் பறக்கும் தட்டு என்றார்கள், அரசாங்கம் வாயே திறக்கவில்லை, அந்த இடத்தின் பெயரைச் சி.ஐ.ஏ. ஒப்புக்கொண்டு ஆவணம் வெளியிட்டது 2013-இல்தான். ஃபுளோரிடா எல்லாவற்றையும் திறந்து காட்டியது, இவர்கள் எல்லாவற்றையும் மூடி வைத்தார்கள், இரண்டுக்கும் ஒரே பெயர். அங்கே வாழ்பவர்களின் குணமா இதைத் தீர்மானித்தது?

"அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் தன்னையே விசித்திரம் என்று சொல்லிக்கொள்கிறதே?" என்றும் கேட்டார்கள். சொல்லிக்கொள்கிறது. "ஆஸ்டினை விசித்திரமாகவே வைத்திருங்கள்" என்று 2000 வாக்கில் பிறந்த வாசகம் அது, உள்ளூர்ச் சின்னக் கடைகளைக் காப்பாற்ற வியாபாரிகள் கையில் எடுத்தார்கள். தன் விருப்பத்தில் சூட்டிக்கொண்ட பெயர் அது, வேண்டாமென்றால் கழற்றி வைக்கலாம். கைதாகி நிற்கும் மனிதனுக்கு அந்த வசதி இல்லை.

மறுபடி ஃபுளோரிடாவுக்கே வருகிறேன், நடுவர் அவர்களே. அங்கே டாம்பா பே டைம்ஸ் என்ற செய்தித்தாள் கைதானவர்களின் புகைப்படங்களை இணையத்தில் வரிசையாகப் போட்டு வந்தது. 2020-இல் அதை நிறுத்திவிட்டது. அதற்காக ஊர் மக்கள் மாறவில்லை, சட்டம் மாறவில்லை, ஒரு அலுவலகத்தில் சிலர் உட்கார்ந்து இனி போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.