பார்ப்புக்குக் காவல்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி அணைப்பக்கம் மீன்பண்ணையில் முப்பது ஆண்டு உழைத்தவனைக் கூப்பிட்டால் கட்லா, ரோகு என்றுதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். இன்று தென்துருவக் கடலுக்குப் போகிறோம். வழியில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

விரால் பார்ப்பைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நூற்றுக்கணக்கான குஞ்சுகள், செக்கச்செவேலென்று, குங்குமத்தைக் கொட்டியது போல நீர்மட்டத்தில் கூட்டமாக நகரும். அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். தவளை கோத்த தூண்டிலைப் பார்ப்பின் நடுவில் போட்டால் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும், பசியில் அல்ல. பத்து வயதில் அப்படி ஒன்றைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தச் சிவப்புத் திட்டு கலைந்து சிதறிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு வந்து இறங்கியது. வீட்டில் பாட்டி மீனைத் தொடவே இல்லை. "பார்ப்பு காக்கிற விராலையா கொண்டு வந்தாய்?" என்று கேட்டதோடு சரி. குழம்பு வைக்கவில்லை.

கட்லாவுக்கு இந்தக் காவல் வேலையெல்லாம் கிடையாது. எடையில் கிலோவுக்கு லட்சம் முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போய்விடும். நம் தண்ணீரின் சூட்டில் ஒரே நாளில் குஞ்சு வந்துவிடும். தென்துருவத்தில் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கும். அங்கே முட்டை பொரிய மாதங்கள் ஆகும். நாள்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. அதுவரை யார் காப்பது?

2021 பிப்ரவரியில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் தென்துருவத்து வெட்டெல் கடலில் கேமராவை இறக்கி இழுத்துச் சென்றது. சுமார் அரை கிலோமீட்டர் ஆழத்தில், தரையெங்கும் வட்ட வட்டமாகக் குழிகள். முக்கால் மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம். எல்லாம் பனிமீனின் கூடுகள். ரத்தத்தில் சிவப்பே இல்லாத மீன் அது. ஒரு கூட்டில் ஏறக்குறைய 1,700 முட்டை. பெரும்பாலான கூடுகளில் ஒரு மீன் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. எங்கள் விராலைப் போலவே! மொத்தம் 240 சதுர கிலோமீட்டரில் சுமார் 6 கோடிக் கூடுகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை, சாலைக்கு இருபுறமும் இரண்டரை கிலோமீட்டருக்குக் கூடாகவே கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருந்த நீரைவிட அந்த இடத்து அடிநீர் இரண்டு டிகிரி வரை வெதுவெதுப்பு. அதைத் தேடித்தான் வந்தனவோ என்னவோ.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்து அன்பர் இரண்டு விரல் காட்டுகிறார். அதே தென்துருவத்து வெள்ளிமீன் என்ற இன்னொரு மீனைப் பற்றி எழுதி வந்த மூன்று பக்கத்தை மடித்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ராஸ் கடலில் டெர்ரா நோவா விரிகுடாவில், 2002இல், அதன் முட்டைகளைக் கடல்மேல் உறைந்த பனிக்கு அடியில், தகடு தகடாய்த் தொங்கும் பனிச்செதில்களுக்கு நடுவே கண்டார்கள். கடுகைவிடச் சற்றுப் பெரியவை. பக்கத்தில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அவற்றுக்கு மட்டும் ஏன் காவல் இல்லை என்றால்... ஒரு விரலாகிவிட்டது. வணக்கம்.