சங்கர் ஐயா வரைஞ்ச கோடும் எங்கம்மா கைவிரலும்

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் புள்ளைங்க முன்னாடி நின்னு பேசுறது எனக்கு சொந்த வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.

அம்புலிமாமான்னு ஒரு சிறுவர் பத்திரிகை, அதைப் பார்த்தவங்க இங்க எத்தனை பேர் இருக்கீங்க? பெரியவங்க கைதான் தூக்குறீங்க, பரவால்ல. தோள்ல பிணத்தைத் தூக்கிப் போட்டுக்கிட்டு கையில வாளோட ஒரு ராஜா சுடுகாட்டுல நடப்பாரே, விக்கிரமாதித்தன், அந்தப் படத்தை வரைஞ்சவர் ஓவியர் சங்கர். முழுப்பேரு கே.சி.சிவசங்கரன். 1924ல கொங்கு நாட்டுல காரத்தொழுவுங்கிற கிராமத்துல பிறந்தவரு, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில படிச்சாரு, அப்ப அங்க பிரின்சிபால் ராய் சௌத்ரி. அதுக்கப்புறம் கலைமகள் பத்திரிகை, பிறகு 1950கள் தொடக்கத்துல அம்புலிமாமாவுல சேர்ந்தவரு கிட்டத்தட்ட அறுபது வருஷம், அந்தப் பத்திரிகை நின்னு போற வரைக்கும் அங்கயேதான். 2020 செப்டம்பர்ல 96 வயசுல இறந்தாரு, நாலு மாசம் கழிச்சு 2021ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. உயிரோட இருக்கும்போதே குடுத்திருக்கணும், எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகல.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பத்திரிகை தமிழ்ல, தெலுங்குல, இந்தியில, இன்னும் பல மொழியில வந்துச்சு, எழுத்து மட்டும்தான் மாறும், படம் ஒண்ணுதான். அப்ப நம்ம ஊர்ப் புள்ளைக்கும் ஒடிசாவுல இருக்குற புள்ளைக்கும் ஒரே படம் கதை சொல்லணும். வாசிக்கத் தெரியாத புள்ள கூட படத்தை வெச்சே கதைய ஓட்டிரும், நானே அப்படித்தான், எங்கப்பா ராமநாதபுரத்துல பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கிட்டு வருவாரு, எழுத்துக்கூட்டத் தெரியுறதுக்கு முன்னாடியே அந்த மரம், மண்டை ஓடு, ராஜா கால்ல இருக்குற செருப்பு வரைக்கும் எனக்கு அத்துப்படி.

நானும் படம் போடுற வேலைக்கு வந்தேன். முதல் புத்தகம் கடல்ல பாசி எடுக்கப் போற ஒரு அக்காவப் பத்தின கதை. நாலு நாள் உக்காந்து வரைஞ்சேன், கடல் நீலம் நல்லா வந்துச்சு, மீன்லாம் அழகா இருந்துச்சு. எங்கம்மா முப்பது வருஷம் பாசிக்குப் போனவங்க, படத்தைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க, அப்புறம் கேட்டாங்க, "ஏப்பா, இவ விரல்ல துணி எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாறையில பாசியப் பிச்சா விரல் கிழிஞ்சிரும்னு ஒவ்வொரு விரலுக்கும் பழைய சேலைத்துணியக் கிழிச்சுச் சுத்திக்குவாங்க, காலைல வாசல்ல உக்காந்து அம்மா பல்லால கடிச்சு முடிச்சுப் போடுறத நான் சின்ன வயசுலேர்ந்து தினம் பார்த்திருக்கேன். பார்த்தும் வரையல. அன்னைக்கு ராத்திரியே எல்லாப் பக்கத்தையும் திரும்பப் போட்டேன், பத்து விரலுக்கும் துணி, கண்ணுல கண்ணாடி, இடுப்புல கட்டுன சாக்கு.

ஆனா அதே புத்தகத்துக்கு அட்டை போடும்போது பதிப்பகத்துல வேற யாரோ கேரளாப் படகு மாதிரி ஒண்ண வரைஞ்சு வெச்சுட்டாங்க. நம்ம ஊர்ப் படகு, வத்தை எப்படி இருக்கும், வல்லம் எப்படி இருக்கும், இங்க இருக்குற அஞ்சு வயசுப் புள்ளைக்குத் தெரியும். அந்தப் புள்ள புத்தகத்தைத் திறந்தா அதுல தன் ஊர் இருக்கணும்யா, இல்லன்னா படத்துல வர்றதெல்லாம் வேற யாரோட ஊரோன்னு நினைச்சிரும்.

வரைய வந்திருக்குற புள்ளைங்களுக்கு இன்னைக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்திருக்கேன், உங்க வீட்டுல ஒருத்தரோட கைய மட்டும் வரைஞ்சிட்டு வாங்கன்னு. அந்தக் கடைசி வரிசையில நீலச் சட்டை போட்ட தம்பி தாத்தா கைய வரைஞ்சிருக்கான், வலை பின்னுற ஊசியோட, கட்டைவிரல் நகம் பாதி இல்லாம. இங்க மேடைக்குக் கொண்டு வாப்பா, எல்லாரும் பார்க்கட்டும்.