தோற்றது இன்ஜினா, ஷெட்டா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிரிட்டிஷ் ரயில்வேயில் 1968 ஆகஸ்டில் நீராவி இன்ஜின் நின்றது காலம் முடிந்ததாலா, இன்ஜினைப் பராமரிக்கும் ஷெட்டில் கைவிடப்பட்டதாலா? கைவிடப்பட்டதால்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் 1967-இன் ஓர் இன்ஜினை நம் கண்முன் நிறுத்தினார். உடம்பெல்லாம் கரி, பெயர்ப்பலகை இல்லை, மூட்டுக்கு மூட்டு ஆவி ஒழுக்கு, வண்டி தாமதம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த ஆவி எங்கிருந்து ஒழுகியது என்று அவர் சொல்லவில்லையே!

பிஸ்டன் தண்டு சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில், ஆவி கசியாமல் அடைக்கும் பாக்கிங் இருக்கிறது. தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஆவி முன்னால் திரையாக எழும்பும், டிரைவருக்கு சிக்னல் தெரியாது. சிம்னிக்குக் கீழே இருக்கும் புகைப்பெட்டியின் கதவும் காற்றுப் புகாமல் இறுக மூட வேண்டும். கதவு வளைந்து சந்து விட்டால் காற்று அந்த வழியே நுழைந்துவிடும். நெருப்பின் ஊடாகக் காற்றை இழுக்க வேண்டிய இழுவை செத்துப்போகும்.

கிளிங்கர்தான் எல்லாவற்றிலும் பெரிய சத்துரு. மட்டமான நிலக்கரியின் சாம்பல் உருகி, நெருப்பைத் தாங்கும் கிராதிக் கம்பிகளின் மேல் கண்ணாடிப் பாளமாக இறுகிக்கொள்ளும். வண்டி ஷெட்டுக்கு வந்ததும் நீளக் கம்பியால் அதை உடைத்து, கரண்டியால் வாரி எடுத்து, அடியில் உள்ள சாம்பல் தட்டைக் காலி செய்ய வேண்டும். அரைகுறையாக விட்டால் மறுநாள் நெருப்புக்கு மூச்சுத் திணறும். ‘பிளாக் ஃபைவ்’ வகை இன்ஜினில் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு நிற்க வேண்டிய பிரஷர் இறங்கிக்கொண்டே போகும். ஃபயர்மேன் எவ்வளவு அள்ளிப் போட்டாலும் ஏறாது. போடப் போட நெருப்பு இன்னும் அமுங்கும். பிரேக்கை விடுவித்து வைக்கும் 21 அங்குலப் பாதரச அளவு வெற்றிடத்தை உண்டாக்குவதும் அதே ஆவிதான். அது குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். வடமேற்கு இங்கிலாந்தில் டீபேயிலிருந்து ஷாப் உச்சிக்குப் போகும், 75 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் இப்படி நின்றுவிட்டால், பிரஷர் ஏறும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான். வண்டி ஏன் தாமதம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

“இந்த அழுக்கு வேலைக்கு ஆளே வரவில்லை” என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நியாயமான வாதம். ஆனால் பிரிட்டிஷ் ரயில்வே 1951-இலிருந்து பொது வடிவில் கட்டிய ‘ஸ்டாண்டர்ட்’ நீராவி இன்ஜின்களில் பெரும்பாலானவை அதை எண்ணியே வடிவமைக்கப்பட்டவை. கிராதியை நெம்புகோலால் ஆட்டினால் கிளிங்கர் உடைந்து விழும். சாம்பல் தட்டின் அடிக்கதவைத் திறந்தால் சாம்பல் குழியில் கொட்டும். புகைப்பெட்டித் தூளைத் தானே வெளியேற்றும் வலைகளும் உண்டு. ஸ்டாண்டர்ட் இன்ஜின்கள் மொத்தம் 999! மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைக் கைகழுவினார்கள்.

எரிபொருள் சிக்கனத்தில் டீசல் பல மடங்கு மேல். அதை நான் மறுக்கவில்லை. நீராவியைப் பறித்த அவசரத்தைத்தான் கேட்கிறேன். நீராவிக்குப் பதில் டீசலும் மின்சாரமும் கொண்டுவரும் 1955 நவீனமயத் திட்டத்துக்குப் பிறகு, சோதனை முடியும் முன்பே டீசல்கள் மொத்தமாக ஆர்டர் ஆயின. கிராஸ்லி டூ-ஸ்ட்ரோக் மோட்டார் பொருத்திய மெட்ரோ-விக் கம்பெனி டீசல்கள் 20. இருபதும் 1961-இல் பழுதுபார்க்கச் செய்த கம்பெனிக்கே திரும்பின. ரயில்வேயின் ஸ்விண்டன் தொழிற்சாலையில் 1964-65-இல் 56 டீசல்கள் கட்டினார்கள். அவை போக வேண்டிய சில்லறைச் சரக்கு வேலையே கரைந்துகொண்டிருந்தது. 1969 முடியும்போது ஒன்றுகூட பிரிட்டிஷ் ரயில்வேயில் இல்லை. இவற்றையும் காலம் முடிந்தவை என்பீர்களா?

கடைசியாக ஒரு சாட்சி, நடுவர் அவர்களே. ‘9எஃப்’ சரக்கு இன்ஜின்: பத்து இயக்குச் சக்கரங்கள், 250 பவுண்டு பிரஷர், 1954 முதல் 1960 வரை கட்டியவை 251. 1968 ஜூனில் கடைசியும் போய்விட்டது. ஒன்றுகூட 15 வயதைக் காணவில்லை. அதே நாட்டின் வடகிழக்கில் ‘கியூ6’ என்று ஓர் இன்ஜின் வகை. 1913-க்கும் 1921-க்கும் இடையில் கட்டியது. ஆட்டும் கிராதி கிடையாது, எல்லாம் கை வேலை. அது 1967 செப்டம்பர்வரை நிலக்கரி வண்டி இழுத்தது. 46 வயதுக்குக் குறையாதவன் கரி இழுத்துக்கொண்டிருந்தபோது, பத்து வயதுக்காரனை உடைக்க அனுப்பினார்கள். 9எஃப்-இன் எந்தப் பாகத்துக்குக் காலம் முடிந்தது என்று எதிரணி சொல்லட்டும்.