காண்டாக் கம்பும் இடுப்பு மூட்டும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபமொன்றில் தோட்டத்து மக்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘இடுப்பு வலி’ என்று பத்துப் பேர் வந்தால், பத்துப் பேரும் கை வைக்கும் இடம் வேறாக இருக்கும். கைலி முடிச்சு விழும் இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, தொடை வந்து சேரும் மூட்டும் இடுப்பு. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை கொடுத்திருக்கிறோம். ஆகவே கிளினிக்கில் வாயால் சொல்வதோடு விரலாலும் தொட்டுக் காட்டுங்கள்.

பிள்ளை உட்காரும் மேடு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. மூட்டு அதற்குக் கீழே, ஆழத்தில் இருக்கிறது. இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், அதற்குள் தொடை எலும்பின் பந்து. மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். அவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே மாதக் கணக்கில் ஓட்டிவிடுவார்கள். ஒருக்களித்துப் படுக்கையில் வெளிப்பக்கம் வலித்தால், பெரும்பாலும் அங்கே ஒட்டியிருக்கும் தசைநாணில் கோளாறு. பிட்டத்திலிருந்து பாதம்வரை சுரீரென்று இழுத்தால் சயாட்டிக் நரம்பைப் பார்க்க வேண்டும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு மோட்டார் சைக்கிளில் உட்காரும் தம்பிகளே, அந்த நரம்பு பிட்டத்தின் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது.

பிட்டத்தில் மூன்று தசைகள். மேலே இருக்கும் பெரிய தசை குந்தியவரை எழுப்பும், மேடு ஏற்றும், செம்பனைக் குலையைத் தூக்க வைக்கும். அதற்கு அடியில் நடுத்தசை, சிறுதசை. யாரும் கண்டுகொள்ளாத இந்த இரண்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். இடுப்பெலும்பின் வெளிப்பக்கம் தொடங்கி, தொடை எலும்பின் வெளிமேட்டில் போய் ஒட்டுகின்றன. நடக்கையில் ஒரு கால் தரையைவிட்டு எழும்போதெல்லாம், உடம்பு அந்தப் பக்கம் சரியாமல் ஊன்றிய காலின் பக்கமிருந்து இழுத்துப் பிடிப்பவை இவை.

எவ்வளவு இழுக்கின்றன? ரப்பர்ப் பால்மரம் வெட்டி, இரு முனையிலும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் தூக்கிய அம்மாக்களுக்கு இது தெரிந்த கணக்கு. தோள் கம்பின் நடுவில் இருந்தால் இரண்டு வாளியும் சமம். ஒரு பக்கம் ஒரு முழம், மறுபக்கம் இரண்டு முழம் என்று விட்டால், குட்டைப் பக்கத்தில் இரண்டு பங்கு பால் இருந்தால்தான் கம்பு நிற்கும். தோளுக்கோ மொத்தம் மூன்று பங்கு.

இடுப்பு மூட்டுதான் அந்தத் தோள். 60 கிலோ உள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஊன்றிய காலைக் கழித்தால் மூட்டுக்கு மேலே 50 கிலோ. அந்தப் பாரம் மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது. தசை மறுபக்கம் 5 சென்டிமீட்டரில் இழுக்கிறது. ஆக, தசை 100 கிலோ இழுக்க வேண்டும். மூட்டின் மேல் 150 கிலோ! ஐந்து கிலோ உடம்பில் ஏறினால் மூட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது கைத்தடி. வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பவர்கள்தான் அதிகம். எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். மூட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளித் தடியை ஊன்றி 5 கிலோ அழுத்தினால் போதும், தசையின் வேலை பாதியாகும். தசை 50, மிச்சப் பாரம் 45, மூட்டுக்கு 95தான். இது சுருக்கக் கணக்குத்தான், ஆனால் வழி இதுதான். வலிக்கும் காலும் தடியும் சேர்ந்தே முன்னே போகட்டும்.

இந்தத் தசை தளர்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன்னால், விழுந்தால் பிடிக்க மேசை அருகில் வைத்து, ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கினால் ஊன்றிய பக்கத்துத் தசை தளர்வு. பயிற்சி: ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை மடக்கி, மேல்காலை நீட்டி ஒரு சாண் தூக்கி மெல்ல இறக்குங்கள். பத்துத் தடவை, மூன்று சுற்று. எல்லாரும் செய்யும் தவறு, உடம்பு மல்லாக்கச் சரிந்து கால்விரல் கூரையைப் பார்ப்பது. அப்படியானால் முன்தொடைத் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். குதிகால் சற்றுப் பின்னே, விரல்கள் முன்னே பார்க்கட்டும்.

வெகுநேரம் குந்தி, குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியபின் சட்டென நிமிர முடியாதவர்களுக்கு, முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் முன்தசை இறுகியிருக்கலாம். ஒரு முழங்காலை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னே தள்ளி 30 விநாடி இருங்கள். முதுகை வளைத்தால் பலன் போச்சு.

ஒரு எச்சரிக்கை. முதியவர் விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் உருவ வேண்டாம், எழுப்பி நடக்கவிடவும் வேண்டாம். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். பந்துக்குப் போகும் இரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தின் வழிதான். உடனே ஆம்புலன்ஸ்.

தடியின் உயரம் கேட்டார்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள்; பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வரவேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஈரச் சிமெண்டில் வழுக்கும்.